நன்னடத்தைச் சான்று

தீக்குச்சி அடி வாங்கிக்கொண்டு வருகிறான் என்ற செய்தி, அவன் வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது.

அடித்துவிட்டு வருகிறான் என்றிருந்தால் யாரும் தலையைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார்கள். அது மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற சங்கதி. லேசாக உரசினால் போதும், பற்றிக்கொள்வான் என்றுதான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. லாரிக்காரன் ஒருவனின் முன்பல் இரண்டும், மீன் வண்டிக்காரனின் மூக்கும் அவன் கணக்கில் உண்டு. இரண்டு முறையும் காவல் நிலையத்தில் கைகுலுக்க வைத்து, காகிதத்தில் எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் இன்றைக்கு அடி வாங்கியிருக்கிறான். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு.

“உன் வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று எதிர்வீட்டுக்காரி சன்னல் வழியாகவே சின்னவளிடம் கேட்டாள். “அண்ணன்காரர் எட்டுப் பேர் முன்னால பளார்னு ஒண்ணு விட்டாராம். இவரு செலை மாதிரி நின்னாராமே!”

சின்னவள் அப்போதுதான் ஆஸ்பத்திரியில் காலை வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அறுவைச் சிகிச்சை அறையில் நர்ஸ். அந்த வீட்டின் இரண்டு மருமகள்களில் இளையவள் என்பதால் தெருவுக்கு அவள் சின்னவள். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி பெரியவள்.

தீக்குச்சி உள்ளே வந்தபோது இடது புருவம் பிளந்து, ரத்தம் காதுவரை வழிந்து காய்ந்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

“உக்காருங்க. ஆடாதீங்க.”

“நான் ஆடல. உன் கைதான் ஆடுது.”

“பன்னெண்டு வருஷமா இந்தக் கை ஆடினதில்ல.”

“இன்னைக்கு ஆடுது, நர்ஸம்மா.”

அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தாள். தையல் தேவையில்லை, பிளாஸ்திரியை இழுத்து ஒட்டினால் சேர்ந்துவிடும். “எதால அடிச்சார்?”

“கையாலதான். மோதிரம் பட்டுடுச்சு.”

“என்னத்துக்கு?”

“டீ ஆறிப்போச்சாம்.”

“யார் டீ?”

“அவர் டீ. நான் பாய்லர் வயித்துக்குள்ள படுத்து வேலை பாத்துக்கிட்டிருக்கேன். வெளிய கூப்பிட்டு நிக்க வெச்சு, டீ ஆறிடுச்சுன்னு அடிச்சாரு.” அவன் சிரிப்பு இப்போது போய்விட்டது. “அடிச்சுட்டு, என் கையப் பாத்தாரு. மூஞ்சியப் பாக்கல. கையத்தான் பாத்தாரு. வருதா வருதான்னு.”

சின்னவள் பஞ்சைக் கீழே வைத்தாள். மாமாவுக்கு, அதாவது இவன் அண்ணனுக்கு, தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு ஆள் இல்லை என்று ஒரு நாடு கதவைத் திறந்து வைத்திருந்தது. படிப்புக்கு இத்தனை புள்ளி, அனுபவத்துக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, மொழித் தேர்வுக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்து ஆள் எடுக்கிற நாடு. சின்னவள் மொழித் தேர்வில் எழுத்துப் பகுதியை மட்டும் மூன்று முறை கோட்டைவிட்டு நான்காம் முறை தாண்டினாள். விண்ணப்பத்தில் முதன்மை ஆள் அவள்தான். தீக்குச்சி ‘உடன் வருபவர்’.

“கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் மாதிரியா?” என்று கேட்டுச் சிரித்தவன், அந்த ‘உடன் வருபவர்’ என்ற இடத்தில் பல்லைக் கடிக்காமல் கையெழுத்துப் போட்டான். அவன் கையும் அந்த நாட்டில் விலைபோகும். கொதிகலன் குழாயில் அவன் வைக்கிற வெல்டிங் பற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒரு கரும்புள்ளி இருக்காது.

எல்லாம் முடிந்து கடைசியாக நின்றது போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று. விசா ஏஜென்ட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“சாரைப் பத்திக் கேள்விப்பட்டேன். பழசு எதுவும் காகிதத்துல இல்ல, சரி. ஆனா சான்று கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் போய், இவர் என்னை அடிச்சார்னு ஒரு காகிதம் குடுத்தா முடிஞ்சுது. சட்டம் அப்படி. குடும்பத்துல ஒருத்தர் விழுந்தா மொத்தக் குடும்பமும் விழுந்த கணக்கு. அப்புறம் உங்களுக்கு வயசு ஏறிடும் மேடம். புள்ளி குறைஞ்சிடும். மறுபடி போட முடியாது.”

தீக்குச்சி அன்றைக்கே மனைவியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். ரெண்டு மாசம் கை ஓங்க மாட்டேன்.

சின்னவள் செய்த தப்பு, இந்தச் சத்தியத்தை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பெரியவளிடம் சொன்னது. ஒளித்து வைக்கத் தோன்றவில்லை. ஒரே கொடியில் பதினோரு வருஷம் புடவை காயப்போட்டவர்கள். “மாமாகிட்ட பக்குவமா சொல்லுங்கக்கா. ரெண்டு மாசத்துக்கு மட்டும் இவர சீண்டாம இருக்கச் சொல்லுங்க” என்றாள். பெரியவளும் நல்லெண்ணத்தோடு, புருஷன் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து, பக்குவமாகவே சொன்னாள்.

பட்டறைக்காரரான அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, “அப்படியா!” என்றாராம்.

அவருக்குத் தம்பி போகக் கூடாது. பட்டறை அவர் பெயரில் இருந்தாலும், கொதிகலன் ஆலைகள் அவரிடம் வேலை தருவது தம்பியின் கைக்காகத்தான். அந்தக் கை விமானம் ஏறினால் பட்டறை, வாசல் கேட்டும் சன்னல் கம்பியும் செய்கிற இடமாகிவிடும். போகாதே என்று கெஞ்சிப் பார்த்தார், சாபம் விட்டுப் பார்த்தார். இப்போது, வீட்டுக்குள்ளிருந்தே சாவி கிடைத்துவிட்டது. தம்பி ஒரே ஒரு தரம் திருப்பி அடித்தால் போதும்.

அதற்குப் பிறகு தினம் ஒன்று. திங்கள்கிழமை பின்னங்கழுத்தில். புதன்கிழமை இரும்புச் சங்கிலியால் முழங்காலில். தீக்குச்சி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்கப் பழகினான். பட்டறையில் இருந்தவர்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்கள்; பிறகு பார்க்கத் தொடங்கினார்கள். தெருவுக்குச் சேதி பரவியது. முன்பல் இரண்டும் போன அந்த லாரிக்காரன் வேலைமெனக்கெட்டு லாரியை நிறுத்தி இறங்கி வந்தான்.

“என்ன தம்பி, நன்னடத்தையாமே?” என்று கேட்டு வயிற்றில் ஒரு குத்து விட்டான். “இது முதல் பல்லுக்கு. ரெண்டாவதுக்கு நாளைக்கு வரேன். இன்னைக்கு லோடு இருக்கு.”

சொன்னபடி மறுநாளும் வந்தான்.

வாரம் மூன்று கடந்தது. விடுப்பு நாள் ஒன்றில் சின்னவள் மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வெயில் தகரக் கூரையில் ஏறி நின்றது. உள்ளே இரும்பு வெந்த வாடை. தீக்குச்சி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாய் ஒன்றின் பற்றை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் பின்னால் வந்தார். தரையில் அப்போதுதான் கழற்றிப் போட்டிருந்த வெல்டிங் குச்சியின் மிச்சத்தை, நுனி இன்னும் சிவந்திருக்கையில், இடுக்கியால் எடுத்தார்.

“இங்க ஓட்டை தெரியுதேடா” என்றார்.

“ஓட்டை இல்லண்ணே.”

“இருக்குங்கறேன்.”

“எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கண்ணே.”

“நான்தான்டா எக்ஸ்ரே!” என்று சொல்லி அந்தச் சிவந்த நுனியைத் தம்பியின் புறங்கையில் வைத்தார்.

தோல் பொசுங்கிய சத்தம் வாசலில் நின்ற சின்னவளுக்குக் கேட்டது. தீக்குச்சி கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றான். சோற்றுப் பாத்திரத்தை வீசிவிட்டு அவள் ஓடி வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். சுட்டது இடது கை. தீக்குச்சி வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். அதைவிடக் கொடுமை, மறைக்க வேண்டிய தேவையே இல்லை. இத்தனை நாள் பட்ட காயமெல்லாம் இடது புருவம், இடது முழங்கால், இடது விலா. பட்டறைக்காரர் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறார். வலது கை பட்டறைக்கு வேண்டுமே.

“மாமா, நீங்க மனுஷன்தானா?”

“வாம்மா நர்ஸம்மா. அங்க போனா வெள்ளைக்காரனுக்குக் கட்டுப் போடப்போற. அதுக்கு முன்ன இவனுக்குப் போட்டுப் பழகிக்க.”

வீட்டுக்கு வந்து தண்ணீரில் கையை வைத்தபடி தீக்குச்சி சொன்னான்: “அடி ஒண்ணும் பெரிசில்ல. சின்ன வயசுல இதைவிட வாங்கியிருக்கேன். அவர் முகத்துல ஒரு ஆவல் தெரியுது பாரு, அதத்தான் தாங்க முடியல. ஆசையா பாக்கறாரு. அடிடா, அடிடான்னு.”

“எத்தனை நாள் இருக்கு?”

“முப்பத்தெட்டு.”

ஆனால் சின்னவளை உலுக்கியது அந்தப் புறங்கைக் காயம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

மத்தியானம். மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அவர்கள் கீழே உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பட்டறைக்காரரின் குரல். பிறகு பெரியவளின் குரல், பாதியில் அறுந்தது.

இது புதிதல்ல. பட்டறைக்காரர் கை நீட்டுகிறவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதினோரு வருஷமாக ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டாவது சத்தம் கேட்டதும் தீக்குச்சி எழுந்து மாடிக்குப் போவான். அண்ணன் மணிக்கட்டைப் பிடிப்பான். “போதும்ண்ணே” என்பான். அந்தப் பிடி எப்படிப்பட்ட பிடி என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். அதோடு நின்றுவிடும்.

இரண்டாவது சத்தம் கேட்டது. தீக்குச்சி எழுந்தான்.

சின்னவள் அவனுக்கு முன்னால் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“நகரு.”

“வேணாங்க.”

“அடிக்கப் போகல. கையப் புடிக்கத்தான்.”

“புடிச்சா, கைய முறுக்கிட்டான்னு போய் எழுதிக் குடுப்பாரு. அதுக்குத்தான் அடிக்கறாரு. உங்கள மேல வரவழைக்க.”

மூன்றாவது. நான்காவது. பாத்திரம் ஒன்று படிகளில் உருண்டு வந்தது. தீக்குச்சி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றான். அவளை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைக்கத் தெம்புள்ளவன்.

“ஒரு வார்த்தை சொல்லு. போங்கன்னு ஒரு வார்த்தை. நான் போறேன். மிச்சத்தைப் பாத்துக்கலாம்.”

அவள் சொல்லவில்லை. முப்பத்தோரு நாள்தான் என்று நினைத்தாள். நான்காம் முறை எழுதிய தேர்வை நினைத்தாள். மாடியில் ஒவ்வொரு அடி விழும்போதும் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர, கதவை விட்டு நகரவில்லை.

மழை விட்ட பிறகு பட்டறைக்காரர் வெளியே போனார். சின்னவள் மருந்துப் பெட்டியோடு மாடி ஏறினாள். பெரியவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

“வாடி. கீழ சோறு ஆறியிருக்குமே.”

“அக்கா...” சின்னவள் பெட்டியைத் திறந்தாள். காலடியில் உட்கார்ந்து பஞ்சை நனைத்தாள். “இவர் வரேன்னுதான் எழுந்தாரு. நான்தான் தடுத்தேன். என்னையத் திட்டுங்கக்கா.”

“தெரியும். படிக்கட்டுல எட்டிப் பாத்தப்ப கதவிடுக்குல உன் கால் தெரிஞ்சுது.” பெரியவள் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். “உன்னைத் திட்டி என்ன பண்ண? அந்தச் சேதிய இவர் காதுல போட்டது நான்தானே. பக்குவமா சொல்றேன்னு, சோத்தப் போட்டு, மோர ஊத்தி, சொன்னேன் பாரு. எனக்கு இது வேணும்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வேற எப்படிடி சொல்ல? தம்பி கையக் கட்டிப்போட்டா அவரத் தடுக்க யார் இருக்கா? பதினோரு வருஷமா அந்தக் கை இருக்குன்னு நெனச்சுத்தான் நான் வாயத் திறந்து ரெண்டு வார்த்தை பேசுவேன். இப்பப் பேசக்கூட பயமா இருக்கு.” பஞ்சை வாங்கித் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அப்புறம், நீங்க போயிட்டா எப்பவும் இப்படித்தானே? பழகிக்க வேண்டியதுதான்.”

சின்னவளுக்கு அன்று பிடித்த தலைவலி, சான்றுக்கான போலீஸ் விசாரணை நாள்வரை விடவில்லை.

விசாரணைக்குப் போலீஸ்காரர் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று தகவல் வந்திருந்தது. சின்னவள் சான்றிதழ்களையெல்லாம் மேசையில் அடுக்கினாள். தீக்குச்சி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதரைக்குப் பட்டறைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கதவைத் தட்டவில்லை.

“எனக்கு ஒரே ஒரு அடி போதும்டா” என்றார். குரலில் கோபமே இல்லை. “போலீஸ் வர்றப்ப என் கன்னத்துல உன் விரல் பதிஞ்சிருக்கணும். அவ்வளவுதான். இந்தா.” கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

தீக்குச்சி கைகளை அக்குளில் செருகிக்கொண்டான்.

“அடிக்க மாட்டியா? பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு ஏரோப்ளேன் ஏறப்போற. அங்க அவ சம்பாதிப்பா, நீ பாத்திரம் கழுவுவ. உடன் வருபவர்!”

“கழுவிட்டுப் போறேண்ணே.”

“நான் உன்னை வளத்தேன்டா!”

“வளத்தீங்க. இல்லேங்கல.”

பட்டறைக்காரர் தம்பியின் இடது காதோடு சேர்த்து அறைந்தார். அவன் ஆடிப்போய் நிமிர்ந்தான். இன்னொன்று. வாயோரம் ரத்தம் வந்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கை, தம்பியிடம் எதுவும் வராது என்று கண்டுகொண்டதுபோல நின்றது. பிறகு திரும்பியது.

அடி சின்னவளின் முகத்தில் விழுந்தது. மேசையில் போய் மோதினாள். காகிதங்கள் சிதறின. உதடு கிழிந்து, பல் பட்ட இடத்தில் உப்புக் கரித்தது.

தீக்குச்சியின் கைகள் அக்குளிலிருந்து வெளியே வந்தன.

சத்தம் போடவில்லை. குனிந்து மூலையில் இருந்த கருவிப் பையைத் திறந்து குழாய் முறுக்கும் பெரிய ஸ்பானரை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்த சின்னவளுக்கு, இது கன்னத்தில் விரல் பதிகிற விஷயம் இல்லை, கொலை என்று தெரிந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு அவன் நடந்தான்.

“வா” என்றார் பட்டறைக்காரர். அவர் கண் மின்னியது. “வாடா, வா.”

“குடுங்க தம்பி.”

வாசலில் பெரியவள். மாடியிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை குளித்த ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றிக் கன்றிய கறுப்பு இன்னும் முழுதாய் ஆறவில்லை. நேராக வந்து, அடுப்படியில் கரண்டி வாங்குவதுபோல, தீக்குச்சியின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினாள்.

“அண்ணி, விடுங்க.”

“நீங்க ஊருக்குப் போகணும்.”

இரண்டு கையாலும் தூக்கி, புருஷனின் வலது தோளில் இறக்கினாள்.

எலும்பு உடைகிற சத்தம் எப்படியிருக்கும் என்று பன்னிரண்டு வருஷமாகச் சின்னவளுக்குத் தெரியும். காரை எலும்பு. பட்டறைக்காரர் ஆச்சரியப்பட்ட முகத்தோடு தரையில் உட்கார்ந்தார். பெரியவள் ஸ்பானரை மறுபடி தூக்கினாள். இந்த முறை தலைக்கு. தீக்குச்சிதான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“போதும் அண்ணி.”

அவன் வாயிலிருந்து அந்தப் ‘போதும்’ அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஸ்பானரைத் தாழ்த்தினாள்.

“என் மேல கேஸ் போடுங்க” என்றாள் புருஷனிடம், மூச்சிரைக்க. “நல்லாப் போடுங்க. நான் எந்த நாட்டுக்கும் போகல. எனக்கு ஒரு சர்டிபிகேட்டும் வேணாம். ஆனா ஒண்ணு. தம்பி அடிச்சான்னு உங்க வாயில வந்துச்சோ, நான்தான் அடிச்சேன்னு தெருவுல நின்னு சொல்லுவேன். உங்க பட்டறை வாசல்ல வந்து, எட்டுப் பேர் முன்னால சொல்லுவேன். எதால அடிச்சேன்னும் காட்டுவேன்.”

வாசல் மணி அடித்தது.

சின்னவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். போலீஸ்காரர் வயதானவர், கக்கத்தில் கோப்பு. உள்ளே வந்தவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். கிழிந்த உதடு, வீங்கிய காது, தரையில் ஒருவர், தலை ஈரத்தோடு ஒரு பெண், ஸ்பானர்.

“விசாரணைக்கு வந்தேன்” என்றார் தயக்கமாக. “அப்புறமா வரட்டுமா?”

“உக்காருங்க சார்” என்றாள் பெரியவள்.

போலீஸ்காரர் உட்காரவில்லை. பட்டறைக்காரரிடம் குனிந்தார். “என்னாச்சு? யார் அடிச்சது?”

பட்டறைக்காரர் தம்பியைப் பார்த்தார். “தம்...” என்று தொடங்கினார். பெரியவள் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். அவ்வளவுதான் செய்தாள். அவர் கண் அவள் மேல் நின்றது, தெருப் பக்கம் திறந்திருந்த சன்னலுக்குப் போனது, எதிர்வீட்டுக்காரியின் தலைக்குப் போனது. ஒரு மனுஷனின் முகத்தில் இரண்டு ஆசைகள் மல்லுக்கட்டுவதைச் சின்னவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். தம்பி போகக் கூடாது. பெண்டாட்டி கையால் அடிபட்டவன் என்று ஊர் சொல்லக் கூடாது.

“படியில விழுந்துட்டேன்” என்றார்.

“இவங்க கண்ணு?”

“அதே படிதான் சார்” என்றாள் பெரியவள். “அது போன மாசம்.”

“இந்தம்மா உதடு?”

சின்னவள் குனிந்து, சிதறிய காகிதங்களைப் பொறுக்கினாள்.

“பொல்லாத படியா இருக்கே” என்றார் போலீஸ்காரர். கோப்பைத் திறந்தார். “சரி. விண்ணப்பதாரர் குணநலம் பத்தி வீட்டுல ஒருத்தர் சொல்லணும். இவர் கோபக்காரர்னு ஸ்டேஷன்ல ஒரு பேச்சு உண்டு. நீங்கதானே அண்ணன்? சொல்லுங்க. அடிதடி ஏதாவது உண்டா?”

பட்டறைக்காரர் பல்லைக் கடித்தபடி இருந்தார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. “இல்ல” என்றார். “கை ஓங்க மாட்டான்.”

“கையெழுத்துப் போடுங்க.”

“கை வராது.”

“நான் போடறேன்” என்று பெரியவள் பேனாவை வாங்கினாள். உறவு என்ற இடத்தில் அண்ணி என்று எழுதி, தன் பெயரை நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

போலீஸ்காரர் போன பிறகு சின்னவள் துணியைக் கிழித்து மாமாவின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். அவருக்கு வலிக்காமல் கட்ட அவளுக்குத் தெரியும். அப்படியே கட்டினாள். ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்து மாமாவை உள்ளே அழைத்துப் போனார். தீக்குச்சி காகிதம் நிரப்பப் போயிருந்தான். இரண்டு பெண்களும் சிற்றுண்டிச் சாலையில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னவள் உதட்டில் சூடு பட்டு எரிந்தது.

“நீங்களும் எங்களோட வந்துடுங்கக்கா.”

“ஃபார்ம்ல என்னன்னு எழுதுவ?”

சின்னவள் யோசித்தாள். கணவன், பிள்ளைகள், பெற்றோர். அந்த நாட்டு விண்ணப்பத்தின் முப்பத்திரண்டு பக்கத்திலும் ஓரகத்திக்கு ஒரு கட்டம் இல்லை.

“அப்ப நாங்க போகல.”

“செருப்பு பிஞ்சிடும். நான் அடிச்சது வீணாப் போகவா?” பெரியவள் டீயை ஊதினாள். “எத்தனை நாளைக்குக் கை தூக்க முடியாதாம்?”

“எட்டு வாரம்.”

“நீங்க எப்பப் போகணும்?”

“சான்று வந்தா ஆறு வாரத்துல.” சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அந்த எட்டு வாரம் முடிஞ்சா அக்கா? நாங்க இருக்க மாட்டோமே. அப்புறம் என்ன பண்ணுவீங்க?”

பெரியவள் ஒரு மடக்குக் குடித்தாள்.

“அவருக்கு இன்னொரு தோளும் இருக்குல்ல” என்றாள்.